வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள்

ஜெயஸ்ரீ டாக்டருக்குப் படித்தவள் என்றுதான் அவள் தெருவில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் நர்ஸ் என்றார்கள். இரண்டும் இல்லை, மெடிக்கல் கோடிங் என்று அவளும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அமெரிக்காவில் ஒருத்தன் கால் ஒடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே டாக்டர் எழுதுகிற குறிப்பை இவள் செஞ்சியில் உட்கார்ந்து வாசித்து, நோய்க்கும் காயத்துக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான். வேலை இவ்வளவுதான். பொறுமையாகக் கேட்டுவிட்டு எதிர்வீட்டு மீனம்பாள் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கி, “அப்ப இந்த முட்டி வலிக்கு இன்னா மாத்திரை போடறதுன்னு சொல்லு” என்றாள். அதோடு விளக்கம் சொல்வதை ஜெயஸ்ரீ விட்டுவிட்டாள்.

அந்த வேலையில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. வழுக்கி விழுந்தால் ஒன்று, ஏணியிலிருந்து விழுந்தால் ஒன்று, மாடு முட்டினால் ஒன்று. பெண்டாட்டியை அடிக்கிற புருஷனுக்கும் அமெரிக்காக்காரன் ஓர் எண் வைத்திருக்கிறான். பிள்ளை செத்துப் பிறந்தால் அதற்கும் எண் உண்டு. அம்மாவின் ஃபைலில், பிரசவம் எப்படி முடிந்தது என்று சொல்லும் இடத்தில் அது போய் உட்காரும். இருபது வாரம் தாண்டியிருந்தால் அங்கே அது செத்துப் பிறந்த பிள்ளை, தாண்டாவிட்டால் கரு கலைந்தது. நம் ஊர்க் கணக்கு இருபத்தெட்டு வாரம். மூச்சு இல்லை, இதயத் துடிப்பு இல்லை, தொப்புள்கொடியில் துடிப்பு இல்லை, கை கால் அசைவு இல்லை என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும். ஒரே ஒரு மூச்சு விட்டிருந்தாலும் அது உயிரோடு பிறந்து செத்த பிள்ளை; எண் வேறு. இப்படி எத்தனையோ பிள்ளைகளுக்கு ஜெயஸ்ரீ காபி குடித்துக்கொண்டே எண் போட்டிருக்கிறாள். கல்நெஞ்சுக்காரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

விழுப்புரத்தில் அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர் முதல் நாளே ஒன்று சொன்னார். டாக்டர் எழுதவில்லை என்றால் அது நடக்கவில்லை. நீயாக எதையும் யூகிக்காதே. ஒரு பெண்ணுக்கு முதுகிலும் கழுத்திலும் தொடையிலும் வேறு வேறு நாளில் கன்றிய காயங்கள் இருக்கலாம். குறிப்பில் படியில் விழுந்தாள் என்றிருந்தால் படியில் விழுந்ததற்குரிய எண்தான். இந்த விதி ஜெயஸ்ரீக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆபீசோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அந்த வீடு அடி கண்ட வீடு. அவள் நைனா கலியபெருமாள் கல் உடைக்கிறவர். கையில் சம்மட்டி இல்லாத நேரத்திலும் அந்தக் கை சும்மா இருக்காது. பெண்டாட்டி தைலம்மாளைக் குழம்புச் சட்டியோடு சேர்த்துச் சுவரில் மோதியிருக்கிறார். அவளுடைய இடது காது அப்போதே போய்விட்டது. நைனா அடிக்கும்போதெல்லாம் மகன் வீரமணி தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு கோட்டைப் பக்கம் ஓடிவிடுவான். வெயிலில் பாறை பழுத்துக்கிடக்கும். தன் செருப்பை அவளுக்குப் போட்டுவிட்டு அவன் வெறுங்காலோடு நிற்பான். நைனா செத்தபோது இரண்டு பேருமே அழவில்லை.

அப்படிப்பட்ட அண்ணன். அவள் கல்லூரிக்குப் போன காலத்தில் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். வீரமணி ஆட்டோவை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய், அவன் வாயிலிருந்து இரண்டு பல் கீழே விழுகிற வரைக்கும் குத்தினான். கூட்டம் கூடி விலக்கியது. ஜெயஸ்ரீக்கு அன்றைக்கு அந்தக் கை இனித்தது. தோழிகளிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய் என்று கம்பெனி சொன்னபோது, சமையற்கட்டை ஒட்டி அவளுக்கென்று ஓர் அறை எழுப்பி, சத்தம் வராத கனமான கதவாகப் பார்த்து வாங்கி மாட்டியதும் அவன்தான்.

வீரமணி குடிக்க மாட்டான், பீடி கிடையாது, சீட்டு கிடையாது. இதுதான் எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. அவலூர்பேட்டையிலிருந்து அறிவுமதியைக் கட்டிக்கொண்டு வந்தபோது தெருவே சொன்னது, தங்கமான பையன் என்று. தங்கம் மூன்றாம் நாளே கையை நீட்டியது. சாம்பாரில் உப்பு இல்லையாம். அதற்குப் பிறகு செருப்பு, டிவி ரிமோட், தோசைக்கரண்டி, எது கைக்கு அகப்பட்டதோ அது. அறிவுமதி உதடு வீங்கி வந்து நிற்பாள்.

“இன்னா அண்ணி இது?”

“கதவு இட்ச்சிக்கிச்சி.”

ஜெயஸ்ரீ தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். சொன்னது கதவு, அவளுக்கும் அது கதவுதான். எந்தக் கதவு ஐந்து விரலோடு வந்து இடிக்கும் என்று அவள் கேட்கவில்லை. படித்த பெண் என்று வேறு பேர்.

அறிவுமதிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. இரண்டு கையிலும் முழங்கைக்குப் பாதி வரை கண்ணாடி வளையல். அன்றைக்கே அம்மா வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஆட்டோ ஓட்டிவிட்டு வருகிறவனுக்குச் சோறு போட ஆள் வேண்டும் என்று தைலம்மாள் நாளைத் தள்ளினாள். தள்ளித் தள்ளி ஏழு முடிந்தது. எட்டாம் மாதம் அனுப்பக்கூடாது, ஒன்பது பிறக்கட்டும் என்றாள். அடுத்த அமாவாசை வந்தது. மேல்மலையனூர்க் கோயிலுக்கு ராத்திரியெல்லாம் கூட்டம் ஏற்றி இறக்கிவிட்டு, மறுநாள் காலையில் கண் சிவக்க வீரமணி வீடு திரும்பினான். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே உள்ளே அறிவுமதி ஃபோனில் பேசுவது கேட்டது.

“எம்மா, எட்டாம் மாசம்னாலும் பரவால்ல. வந்து இட்டுக்கினு போ. இங்க இருந்தா என்னக் கொன்னுடுவான்.”

ஜெயஸ்ரீ அப்போது கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சென்னை ஆபீசோடு மீட்டிங்கில் இருந்தாள். ஃபோன் சுவரில் பட்டு உடைந்த சத்தம் கேட்டது. அண்ணனுடைய கத்தல் அந்தக் கனமான கதவையும் தாண்டி வந்தது. மீட்டிங்கில் இருக்கிறவர்கள் காதில் விழுந்துவிடுமே என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. தன் மைக்கை அணைத்தாள். ஹெட்போனைக் கழற்றவில்லை. பிறகு வளையல்கள் மொத்தமாக நொறுங்குகிற சத்தம். பிறகு நெல் மூட்டையை லாரியிலிருந்து தள்ளிவிட்டது போல ஒரு சத்தம். இன்னொரு தடவை அதே சத்தம். அதற்குப் பிறகுதான் தைலம்மாள் அலறினாள்.

ஜெயஸ்ரீ கதவைத் திறந்து வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அறிவுமதி சமையற்கட்டு வாசலில் ஒருக்களித்துக் கிடந்தாள். இரண்டு முன்கையிலும் கண்ணாடி குத்தி ரத்தம். புடவைக்குக் கீழேயும் ரத்தம் பரவிக்கொண்டிருந்தது. வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, சத்தம் வராமல் வாயைத் திறந்து மூடினாள். வீரமணி மூச்சு வாங்க நின்றான். காலில் செருப்புகூடக் கழற்றவில்லை.

“இன்னாண்ணா ஆச்சி?”

“வுழுந்துட்டா” என்றான் அவன். அறிவுமதி கீழே கிடந்தபடி ஜெயஸ்ரீயின் முகத்தைப் பார்த்தாள்.

அவனே தூக்கி, அவன் ஆட்டோவிலேயே போட்டு, ஹாரனை அழுத்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். உதைத்த காலாலேயே பிரேக் போட்டான். வழியெல்லாம் “அறிவு, கண்ண மூடாத, அறிவு” என்று அழுதான். அழுதது நடிப்பில்லை. அதுதான் இதில் பெரிய அசிங்கம்.

பிரசவ வார்டில் வயிற்றைத் தொட்டதுமே டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. வயிறு கல்லாக இறுகியிருந்தது. பிள்ளையின் துடிப்பு கேட்கவில்லை. நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிய்ந்துகொண்டு உள்ளேயே ரத்தம் கட்டிவிட்டது என்றாள். ரத்தம் ஏற்றினார்கள், வலி வரச் செய்தார்கள். சாயங்காலத்துக்குள் பிள்ளை வெளியே வந்தது. பெண் பிள்ளை. தலை நிறைய முடி. டாக்டரம்மா மார்பில் கருவியை வைத்துப் பார்த்தாள், தொப்புள்கொடியைப் பிடித்துப் பார்த்தாள், உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஜெயஸ்ரீ திரைச்சீலை விலகிய இடைவெளியில் நின்று அத்தனையும் பார்த்தாள். இத்தனை வருஷமாகக் கம்ப்யூட்டர் திரையில் வரிசையாகப் படித்த ஒவ்வொரு ‘இல்லை’யும் அங்கே ஒரு பிள்ளையின் உடம்பின் மேல் நடந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தைலம்மாள் உட்காரவில்லை. “கரு கலைஞ்சிடுச்சி, தலையெழுத்து. துணில சுத்திக் குடுத்துடுங்கம்மா, ஏரிப்பக்கம் பொதைச்சிட்டுப் போறோம்” என்று கையை நீட்டினாள்.

“கரு இல்லம்மா. முப்பத்தோரு வாரம் முடிஞ்ச புள்ள” என்றாள் டாக்டரம்மா. “இது இறந்து பிறந்த குழந்தை. அப்படித்தான் எழுதுவேன்.”

“அது உள்ளயே செத்து ஒரு வாரம் இருக்கும்மா. அசையலன்னு அவளே சொல்லினு இருந்தா.”

டாக்டரம்மா துணியை விலக்கிப் பிள்ளையின் கையைக் காட்டினாள். “ஒரு வாரம் உள்ள செத்துக் கெடந்தா தோல் உரிஞ்சி வந்திருக்கும். இங்க பாருங்க, ஒரு எடத்துல உரியல. இன்னிக்குக் காலையில வரைக்கும் இது உயிரோட இருந்துச்சி. போலீசுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். காயத்தப் பாத்தா எனக்குச் சந்தேகமாத்தான் இருக்குது. ஆனா எப்படி ஆச்சின்னு யாராவது சொல்லணும். அந்தப் பொண்ணு வாயத் திறக்க மாட்டேங்குது. நானா யூகிச்சி எழுத முடியாது.”

தைலம்மாள் மகளின் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வீரமணி அங்கே தூணில் தலையை முட்டிக்கொண்டு நின்றான்.

“ஜெயா, நீதான்டி ஆஸ்பத்திரிப் படிப்பு படிச்சவ. எந்த வார்த்தை எழுதுனா இன்னா ஆவும்னு உனக்குத்தான் தெரியும். பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டான்னு அந்தம்மாகிட்ட இங்கிலீசுல சொல்லு. நீ சொன்னா எழுதுவாங்க.”

“எம்மா...”

“இன்னா எம்மா? நான் வாங்காத அடியா? உங்க நைனா ஒதைச்சதுல எனக்கும் வயித்துலயே ஒண்ணு போச்சி. நான் போலீசுக்கா போனேன்? புள்ள இன்னொண்ணு பொறக்கும். இவன் ஜெயிலுக்குப் போனா எவன்டி வருவான் நமக்கு?”

வீரமணி நிமிர்ந்தான். கண்ணெல்லாம் தண்ணீர். “பாப்பா, வேணும்னு செய்யலடா. கோவத்துல கால் போயிடுச்சி. நீ சொன்னா நம்புவாங்க. உன்னத் தோள்ல தூக்கினு திரிஞ்சனே பாப்பா.”

ஜெயஸ்ரீக்கு அழுகையும் வந்தது, அருவருப்பும் வந்தது. இரண்டில் எது முந்தியது என்று அவளுக்கே தெரியாது. இந்த ஆள் தனக்காகச் சுடுபாறையில் வெறுங்காலோடு நின்றவன். இந்த ஆள் நிறைமாதத்தை நெருங்கிய வயிற்றில் செருப்புக்காலால் உதைத்தவன். இரண்டு கணக்கையும் நேராக்க அவளிடம் எண் கிடையாது. அறிவுமதி பேசப்போவதில்லை. பேசாவிட்டால் விழுந்தாள் என்று ஆகிவிடும். காயம் ஆறியதும் அதே ஆட்டோவில் அதே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த தடவை செத்துப்போவது அறிவுமதியாக இருக்கும். இது மட்டும் ஜெயஸ்ரீக்கு வெயில் அடிப்பது போலத் தெளிவாகத் தெரிந்தது.

போலீசிலிருந்து ஏட்டம்மா ஒருத்தி வந்தாள். வயதில் பெரியவள், அதிகம் பேசாதவள். வார்டுக்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “யாரு பாத்தீங்க?” என்று பொதுவாகக் கேட்டாள். தைலம்மாள் மகளின் இடுப்பில் இடித்தாள்.

“நான் பாத்தேன்” என்றாள் ஜெயஸ்ரீ. “எங்க அண்ணன்தான் ஒதைச்சான். வயித்துல. ரெண்டு தடவ.”

சொல்லி முடிப்பதற்குள் வாசலில் நின்ற வீரமணி பாய்ந்துவிட்டான். அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து, மருந்து வைத்திருந்த தள்ளுவண்டியின் மேல் முகத்தை மோதினான். தட்டும் பாட்டிலும் தரையில் சிதறின. நர்சுகள் கத்தினார்கள். “ஏண்டி, சோறு போட்டுப் படிக்க வெச்சனே, என்னியே காட்டிக் குடுக்கிறியா?” என்று மறுபடி மோதினான். அவள் சும்மா இருக்கவில்லை. அவன் கையில் பல் பதியக் கடித்தாள். கடித்த இடத்தை விடாமல் தொங்கினாள். அவன் முழங்காலால் அவள் விலாவில் இடித்தான். பக்கத்துக் கட்டில்காரியோடு துணைக்கு வந்திருந்த இரண்டு ஆட்களும் ஏட்டம்மாவும் சேர்ந்து அவனைக் கீழே தள்ளி, முதுகில் முட்டியை ஊன்றிக் கையை முறுக்கிப் பிடித்தார்கள். ஜெயஸ்ரீயின் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. வாயெல்லாம் ரத்தம்.

ஏட்டம்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். “ஆஸ்பத்திரியிலயே இந்த ஆட்டம் ஆடறான். சரி, நீ சொல்லும்மா. ஒதைக்கும்போது நீ எங்க நின்ன?”

ஜெயஸ்ரீ திகைத்துப்போனாள். இதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. “சமையக்கட்டு வாசல்ல.”

“பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துச்சின்னு நான் வர்றப்பவே உங்கம்மா சொன்னாங்க. நீ சமையக்கட்டுன்ற. அவன் எந்தப் பக்கம் இருந்தான்?”

“அவன்... உள்பக்கம்.”

“தடுக்கலியா நீ?”

ஜெயஸ்ரீ வாயிலிருந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். தரையில் அமுங்கிக் கிடந்தபடியே வீரமணி கத்தினான். “பொய்! பொய் சொல்றா! ரூம்ல கம்ப்யூட்டர்ல இருந்தா. இவ எதையும் பாக்கல!”

அன்றைக்கு அவன் பேசிய ஒரே உண்மை அதுதான். தைலம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். “ஆமாம்மா, சாமி சத்தியமா ரூம்லதான் இருந்தா. காதுல மெஷின் மாட்டினு இருந்தா. வேணும்னா அவ ஆபீசுல கேளுங்க. புத்தி கெட்டுப்போய்ப் பேசறா.”

ஏட்டம்மாவின் பேனா நின்றது. ஜெயஸ்ரீயை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஜெயஸ்ரீக்கு நன்றாகத் தெரியும். ஆதாரமில்லாத வரியைப் பார்த்தால் அவளே அப்படித்தான் பார்ப்பாள். காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ஒருநாளும் யூகிக்காதவள் முதல்தடவையாக, தான் காணாததைக் கண்டதாகச் சொன்னாள். அந்தப் பொய்யே அண்ணனைத் தப்பிக்க வைக்கப்போகிறது.

“நீ பாத்தியா, பாக்கலியா?” என்று ஏட்டம்மா அதட்டினாள்.

“அவ பாக்கல” என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். வந்ததிலிருந்து ஒரு சொல்லும் பேசாத அறிவுமதி, கட்டுப் போட்ட கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஓடிப்போய்த் தோளைத் தாங்கினாள். தைலம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “கேளுங்கம்மா, மருமவளே சொல்றா பாருங்க” என்றாள்.

அறிவுமதி மாமியாரைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த புருஷனையும் பார்க்கவில்லை. ஜெயஸ்ரீயைத்தான் பார்த்தாள்.

“அவ எதையும் பாக்கல. கதவ சாத்தினு உள்ள இருந்தா. இன்னிக்கு மட்டும் இல்ல, என்னை இவன் அடிக்கும்போதெல்லாம் சாத்தினுதான் இருந்தா. கதவு இட்ச்சிக்கிச்சின்னு நான் சொல்றப்பல்லாம் சரின்னுட்டுப் போனா. அவளுக்கு இன்னா தெரியும்? ஒத வாங்கினது நான். செத்தது என் புள்ள. என்னக் கேளுங்க.”

தைலம்மாள் “அடிப்பாவி” என்று ஆரம்பித்தாள். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். ஜெயஸ்ரீ சொல்லித் தான் எழுதியிருந்த வாக்குமூலத்தை ஏட்டம்மா குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தாள். நாற்காலியைத் தூக்கி ஜெயஸ்ரீக்கு முதுகு காட்டுகிற மாதிரி கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தாள்.

“சொல்லும்மா. என்ன நடந்துச்சி?”

அறிவுமதி சொல்லத் தொடங்கினாள். அன்றைய காலையிலிருந்து இல்லை. கல்யாணமான மூன்றாம் நாள், சாம்பாரில் உப்பில்லை என்று விழுந்த அறையிலிருந்து. ஒவ்வொன்றாக, எந்த இடத்தில், எதனால் என்று சொன்னாள். நர்ஸ் பஞ்சை எடுத்துக்கொண்டு வந்து, “வாயக் கழுவிட்டு வாங்கக்கா, ரத்தம் ஊத்துது” என்று ஜெயஸ்ரீயின் கையைப் பிடித்தாள். அவள் நகரவில்லை. கடைசி வரைக்கும் நின்று கேட்டாள்.